உலகத்துல இல்லாத தலை

முதல்ல யார் ஆரம்பிச்சதுன்னு எழுதுங்கம்மா. பட்டுக்கை. அப்படியே எழுதுங்க. பேரு அது இல்லதான், எனக்குத் தெரியாதா? மூளை ஆபரேஷன் பிரிவுக்கே தலைவர், பெரிய டாக்டர். நீங்க காகிதத்துல எந்தப் பேர வேணா போட்டுக்கங்க, இந்தக் கட்டிடத்துல பெருக்கறவங்கள்ல இருந்து மயக்க ஊசி போடறவர் வரைக்கும் பட்டுக்கைன்னாதான் தெரியும். மண்டைக்குள்ள அவர் கை பட்டு மாதிரி போகுமாம். எந்த மண்டை எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லிச்சோ.

இல்லம்மா, போன திங்கட்கிழமைல இருந்து ஆரம்பிக்க முடியாது. நீங்க பரீட்சைப் பிரிவுல இருந்து வந்திருக்கீங்க, உங்களுக்குப் பரீட்சை அன்னிக்கு நடந்தது போதும். எனக்குப் போதாது. நான் பதினோரு வருஷம் பின்னாடி இருந்துதான் வருவேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுல தினமும் ரப்பர் சிந்தும், காயறதே இல்ல, துணியில ஒட்டிக்கிட்டா உரிச்சுத்தான் எடுக்கணும். இப்படி ஜன்னல் பக்கமா வாங்க. அலமாரில தலையெல்லாம் உங்களையே பாக்குதேன்னு கூச்சப்படாதீங்க, கண்ணே வைக்கல அதுங்களுக்கு. கண்ணு வெச்சாலும் அதுங்களுக்கு என்ன தெரியப்போகுது, கண்ணு இருக்கற பதினஞ்சு டாக்டருங்களுக்கே தெரியல.

நானா? நான் துணிக்கடை பொம்மை செஞ்சிட்டு இருந்தவன். வாசல்ல சட்டை மாட்டிக்கிட்டு நிக்குமே, ஆள் உயரத்துக்கு, அது. அஞ்சாம் கிளாஸோட பள்ளிக்கூடம் என்னை விட்டுச்சு, நானும் அத விட்டேன். அச்சு எடுக்கறது, வார்க்கறது, சுரண்டறது, அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்சது. ஒரு நாள் பட்டுக்கை கடைக்கு வந்தாரு. ஒரு பொம்மையோட கைய புடிச்சு, என்னவோ நாடி பாக்கற மாதிரி ரொம்ப நேரம் பாத்தாரு. நகத்துக்கு அடில வெள்ளைப் பிறை கூட இருக்கே, யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. அவர் வாயில இருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. கடைசியும் அதுதான்.

என்ன வேலைன்னு உங்களுக்கே தெரியும்தானே? தெரியாதா? பரீட்சை வைக்கறீங்க, எதுக்குன்னு தெரியாம வைக்கறீங்க. சரி, சொல்றேன். மூளைக்கு நடுவுல அறை அறையா இருக்கும்மா. அதுல எந்நேரமும் தண்ணி ஊறும். ஊறின தண்ணி ஒரு சின்ன வாய்க்கால் வழியா கீழ இறங்கிரும். சில பேருக்கு அந்த வாய்க்கால் அடைச்சிக்கும். தண்ணி தேங்கி உள்ள இருந்து மூளைய நெருக்கும். அப்போ நெத்திக்கு மேல ஒரு ஓட்டை போட்டு, பென்சில் தடிமன்ல ஒரு குழாய், நுனில கேமரா, அத உள்ள விடுவாங்க. நடு அறையோட தரைல ஒரு சவ்வு இருக்கு. அதுல ஓட்டை போட்டுவிட்டா தண்ணி வேற வழில இறங்கிரும், ஆள் எந்திரிச்சு உக்காந்திருவான். கேக்க சுளுவா இருக்குல்ல? சவ்வுக்குக் கீழ ஒரு ரத்தக் குழாய் போகுது. பெரிசு. அதுல நுனி பட்டா முடிஞ்சுது கதை. அப்புறம் பொட்டலம் கட்டத்தான் ஆள் வரும்.

உயிரோட இருக்கறவன் தலையில இத குத்திப் பழக முடியுமா? அதுக்குத்தான் நான் செய்யற தலை. வெளிய கெட்டியா மண்டை. உள்ள மெத்துனு மூளை, அறை, தண்ணி, சவ்வு. சவ்வுக்குக் கீழ ரப்பர் குழாய்ல செவப்புத் தண்ணி. தப்பா குத்தினா திரை பூரா செவப்பாயிரும். குத்தினவன் மூஞ்சி மட்டும் வெளுத்துரும்.

இதுல ஒரு எறும்பு கதை இருக்கு, அதுக்கு வரேன். அதத்தான் முதல்ல எழுதணும். ஆரம்பத்துல இவர் ஏதோ புத்தகத்த பாத்து, மூளைய ஜெல்லில வார்க்கணும்னாரு. தளதளன்னு நிக்கறதுக்குச் சக்கரை வேற போடச் சொன்னாரு. ஐயா, சக்கரை போட்டா எறும்பு வரும்னேன். நீங்க அச்ச பாருங்க, மூளைய நான் பாத்துக்கறேன்னாரு. பாத்துக்கிட்டாரு. திறப்பு விழா வெச்சாங்க. வெளிய இருந்து பன்னெண்டு பேர் வந்திருந்தாங்க, எல்லாம் கோட்டு. சுவர் அளவுக்குத் திரை. இவர் கேமராவ உள்ள விட்டு, இதோ இதுதான் மூளையின் நடு அறைன்னு கைய நீட்டறாரு. அறைக்கு நடுவுல ஒரு எறும்பு நடந்து வருது. அந்தக் கேமரால எல்லாம் பெரிசா தெரியுமா, யானைக்குட்டி சைஸுக்கு மீசைய ஆட்டிக்கிட்டு, இவர் பேச்ச கேக்க வந்த பதிமூணாவது ஆள் மாதிரி நிக்குது. ஒருத்தர் சிரிச்சிட்டாரு. அப்புறம் பன்னெண்டு பேரும்.

அப்போ இவர் திரும்பி என்னைக் காட்டி என்ன சொன்னாரு தெரியுமா? எங்க பொம்மைக்காரர் வேலை செய்யற மேசையிலயே சாப்பிடுவாரு, எத்தனை சொன்னாலும் திருந்த மாட்டேங்கறாருன்னாரு. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. பன்னெண்டு கோட்டும் என்னைப் பாத்துச்சு. அம்மா, நான் என் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டுப் பின்படிக்கட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவேன். அன்னிக்கும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான். இந்த மேசைல ஒரு பருக்கை விழுந்தது கிடையாது. அன்னைல இருந்து என் பேரு பொம்மைக்காரன். யார் வந்தாலும், ஓ அந்த எறும்பு ஆளான்னு ஒரு சிரிப்பு. பதினோரு வருஷம். ஒரே ஒரு தரம் நாலு பேருக்கு முன்னால, அது நான் சொன்ன சக்கரைப்பா, அவர் சாப்பிடலன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பாரு? அந்த வார்த்தை எனக்கு அவர் தரவேண்டியது. இன்னும் தரல. எழுதினீங்களா? எறும்புன்னு எழுதுங்க. கூச்சப்படாதீங்க.

அப்புறம் சக்கரையும் வேணாம் ஜெல்லியும் வேணாம்னு ரப்பர் பால்ல நானே கண்டுபிடிச்சேன். மூளை வந்திருச்சு. சவ்வு மட்டும் வரல. பலூன் போட்டுப் பாத்தேன், தெறிக்குது. கையுறைய வெட்டிப் பாத்தேன், இழுபடுது, கிழியல. ஒரு மாசம் மண்டைய ஒடைச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்காரிதான் சொன்னா. பால காய்ச்சி ஆற வெச்சிருந்தா, மேல ஆடை படிஞ்சிருந்துச்சு. விரல் நுனியால தொட்டு, பாருங்க, தொட்டா குழியுது, அழுத்தினா மட்டும் கிழியுது, உங்க சவ்வு இப்படியான்னா. இப்படித்தான். மறுநாள் கண்ணாடி மேல ரப்பர அந்த மெலிசுக்கு இழுத்துவிட்டேன், பஞ்சு நூல் ரெண்டு கலந்தேன், வந்திருச்சு. ஊர்ல உள்ள தலைக்கெல்லாம் புத்தி சொல்றீங்க, நம்ம வீட்டு ஒட்டடைய எப்ப அடிப்பீங்கன்னு கேப்பா. அப்படி ஒரு வாய் அவளுக்கு. இப்ப எட்டு மாசமா பால அடுப்புல வெச்சுட்டு அப்படியே மறந்து நின்னுர்றா. பொங்கி வழிஞ்சு அடுப்பெல்லாம் தீயுது. சரி, அத விடுங்க. அது வீட்டுக் கதை.

பரீட்சைத் தலைய ஏன் மாத்துனீங்கன்னுதானே கேக்கறீங்க. வருது, வருது. நடுவுல எட்டிக் குதிக்காதீங்க.

இத்தனை தலை செய்யறேன்ல, எல்லாத்துக்கும் ஒரே அச்சு. அது தெரியுமா உங்களுக்கு? முதல் நாள் இவர் ஒரு ஆளோட ஸ்கேன் கொடுத்தாரு. யாரோ புண்ணியவான் தலை. அறை விசாலம். சவ்வு மெலிசு. கீழ ரத்தக் குழாய் போறது நிழல் மாதிரி மேலயே தெரியும். எப்படின்னா, பட்டப்பகல்ல அகலமான தெருவ கடக்கற மாதிரி. எருமை கூட கடந்துரும். அந்த ஒரு தலையத்தான் பதினோரு வருஷமா வார்த்து வார்த்து அடுக்கறேன். வருஷத்துக்குப் பதினாறு டாக்டருங்க இங்க மூளை ஆபரேஷன் படிக்க வராங்க. எல்லாரும் அந்த ஒரு தலையத்தான் குத்திக் குத்திப் பழகறாங்க. மூணு மாசத்துல அவனுங்களுக்குத் திரையே வேணாம். ஆறு விரக்கடை உள்ள விடு, லேசா இடது பக்கம் சாய், அழுத்து. அவ்வளவுதான். வாய்ப்பாடு.

சிரிச்சான்னு ஒருத்தன் இருக்கான், இந்த வருஷத்து ஆள். எதுக்கெடுத்தாலும் பல்ல காட்டுவான். அவன் ஒரு நாள் திரைக்கு முதுக காட்டிக்கிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவுல செல்போன இடுக்கிக்கிட்டு, வீட்டுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கறதுன்னு அவன் சம்சாரத்துகிட்ட சண்டை போட்டுக்கிட்டே குத்தி முடிச்சான். மூணரை நிமிஷம். பட்டுக்கை கையத் தட்டறாரு. பாருங்கடா, கண்ண மூடிக்கிட்டுப் பண்றான்னு பெருமை. கண்ண மூடிக்கிட்டுப் பண்ணினா அதுக்குப் பேரு திறமையாம்மா? மாமியார் வீட்டுக்குப் போற வழி மட்டும் தெரிஞ்சவன, ஊரெல்லாம் தெரிஞ்சவன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

திரைல பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கழுவறவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொருத்தன் குத்தி முடிச்ச தலையயும் நான்தான் பொளந்து கழுவறேன். உள்ள யாரு எங்க இடிச்சான், எங்க சுரண்டினான், எல்லாம் எனக்குக் கையெழுத்து மாதிரி. முதல் அறைல இருந்து நடு அறைக்குப் போற வாசல்ல ஒரு வளைவு இருக்கு. அத இடிச்சா ஆள் பொழைச்சாலும் ஞாபகம் போயிரும்னு அவங்க பாடத்துலயே சொல்வாங்க. பதினஞ்சு பேரும் அதே வளைவுல அதே இடத்துல இடிச்சிருப்பானுங்க. திரைல ஒண்ணும் செவக்காது, அதனால யாரும் கேக்கமாட்டாங்க. நான் பட்டுக்கைகிட்ட பொளந்த தலைய கொண்டுபோய்க் காட்டினேன். பொம்மைய கீழ வைங்க, ஒழுகுதுன்னாரு.

பதினாறாவது ஆளா? அது ஆமை. ஒரு பொண்ணு. பேரு வெச்சது நான் இல்லைம்மா, அவங்க எல்லாரும் சேந்து வெச்சது. அவ்வளவு மெதுவு. உள்ள போறதுக்கு முன்னாடி அந்த ரப்பர் நெத்தில உள்ளங்கைய வெச்சு ஒரு நிமிஷம் நிப்பா, காய்ச்சல் பாக்கற மாதிரி. எல்லாரும் சிரிப்பாங்க. பட்டுக்கை, நீ முடிக்கறதுக்குள்ள நோயாளிக்கு நரை விழுந்துரும்பாரு. அதுக்கு ஒரு சிரிப்பு. ஆனா அவ தலைய பொளந்தா, அந்த வளைவுல ஒரு கீறல் இருக்காது. வருஷம் பூரா ஒண்ணு கூட நான் பாக்கல.

ரெண்டு வருஷம் முன்னாடி நானே சும்மா இல்லாம, பழைய ஸ்கேன் பதிஞ்ச சிடி தட்டு நாலஞ்ச எடுத்து மெஷின்ல போட்டேன். நமக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாட்டியும் எந்தப் பட்டனுக்கு எது வரும்னு தெரியும், உள்ளறையோட வடிவத்த அது பிளாஸ்டிக்ல அடிச்சுக் கொடுத்துரும், மேல ரப்பர ஊத்தவேண்டியது நான். மூணு வேற வேற தலை செஞ்சேன். ஒண்ணுல அறை இடுக்கு. ஒண்ணுல சவ்வு சாய்வு. ஒண்ணுல குழாய் ஒரு ஓரமா ஒதுங்கி. பசங்க குத்திப் பாத்தானுங்க. செவப்பு, செவப்பு, செவப்பு. பட்டுக்கை வந்தாரு. இதெல்லாம் குப்பைல போடுங்க, படிக்கற பசங்க மனசு ஒடிஞ்சிரும்னாரு. மனசு ஒடிஞ்சா ஒட்ட வெச்சுக்கலாம் ஐயான்னேன். நீங்க பொம்மை செய்யுங்க, வைத்தியம் நான் பாத்துக்கறேன்னாரு. முன்ன மூளைய பாத்துக்கறேன்னவரு, இப்ப வைத்தியத்த பாத்துக்கறேங்கறாரு. அதுல ஒரு தலைதான் அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன் பாருங்க, நீங்க கால் தடுக்குனீங்களே வரும்போது, அதுதான்.

இப்ப பரீட்சைக்கு வரேன். ஆமா, நான்தான் மாத்தினேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? பழைய தலைங்கள எல்லாம் உள்ள வெச்சுப் பூட்டிட்டு, புதுசா பதினேழு தலை செஞ்சு மேசைல வெச்சேன். ஆளுக்கு ஒண்ணு, ஒண்ணு உபரி. மூணு ஞாயித்துக்கிழமை பிடிச்சுது. வெளித் தோற்றம் ஒரு முடி வித்தியாசம் இருக்காது. உள்ளதான் வேற. பதினேழும் ஒரே மாதிரி, ஆனா பழசு மாதிரி இல்ல. சவ்வு தடிச்சிருக்கும், பால்ல தண்ணியே ஊத்தாம காய்ச்சினா ஆடை தடியா வரும்ல, அப்படி. கீழ என்ன போகுதுன்னு தெரியாது. ரத்தக் குழாய் சரியா நடுவுல, சவ்வ முட்டிக்கிட்டு நிக்குது. பழைய வாய்ப்பாட்ட சொல்லிக் குத்தினா நேரா அதுலதான் இறங்கும்.

வெளிய இருந்து ரெண்டு டாக்டருங்க பரீட்சை நடத்த வந்திருந்தாங்க. ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம் கணக்கு. முதல் ஆள் மூணு நிமிஷத்துல செவப்பு. ரெண்டாவது ஆளும் செவப்பு. சிரிச்சான் உக்காந்தான், அன்னிக்குப் போன் கிடையாது, செவப்பு, பல்லையும் காணோம். நான் அடுத்த தலை, அடுத்த தலைன்னு மாத்திக்கிட்டே இருந்தேன். துடைக்கற துணி எல்லாம் செவந்து போச்சு. எனக்கு அதுல சந்தோஷம்னு நினைக்கறீங்களா? நினைச்சுக்கங்க. கொஞ்சம் இருந்துச்சு. அஞ்சாவது ஆள் வரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் இல்ல.

பன்னெண்டாவதா ஆமை. வழக்கம் போல கைய நெத்தில வெச்சா. உள்ள போனா. வளைவத் தாண்டி நடு அறைக்கு வந்து அப்படியே நின்னுட்டா. திரையையே பாக்கறா. பட்டுக்கை பின்னாடி இருந்து, என்னம்மா, வீடு கட்டிக் குடியேறப் போறியான்னாரு. அவ திரும்பல. சார், கீழ குழாய் தெரியல, தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லைன்னா. மெதுவாத்தான் சொன்னா. அந்தத் தரைல பின்பக்கமா ரெண்டு சின்ன மேடு இருக்கும், பருப்பு மாதிரி. அத தேடிக் கண்டுபிடிச்சா. அதுல இருந்து முன்னாடி வந்து, முன்பக்க எலும்ப ஒட்டி, தொட்டுத் தொட்டுப் பாத்து, ஒரு இடத்துல அழுத்தினா. ஓட்டை விழுந்துச்சு. தண்ணி மேலயும் கீழயும் ஆடுது. தெளிஞ்ச தண்ணி. ஒரு பொட்டு செவப்பு கிடையாது. இருபத்தாறு நிமிஷம். நேரம் தாண்டிருச்சுன்னு அவளயும் தோல்வில போட்டாங்க. உங்க காகிதத்துல அதான் இருக்கு, பதினாறு பேரும் தோல்வின்னு. அத முதல்ல அடிங்க.

எல்லாம் முடிஞ்சதும் பட்டுக்கைக்கு முகம் வீங்கிப் போச்சு. வந்தவங்க முன்னாடி மானம் போச்சுல்ல. இது பசங்க தப்பு இல்ல, பொம்மை தப்பு, நான் காட்டறேன்னு உக்காந்தாரு. உபரித் தலை ஒண்ணு இருந்துச்சே, அத நானே எடுத்து வெச்சேன். அம்மா, சத்தியமா சொல்றேன், அப்போ நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இந்த ஆள் சரியா குத்திரணும்னு வேண்டிக்கிட்டேன். பதினோரு வருஷத்துல முதல் தரமா அவர் ஜெயிக்கணும்னு நினைச்சேன். ஏன்னு கேக்கறீங்க. வரேன்.

அவர் நெத்திய தொடல. மேட்ட தேடல. ஆறு விரக்கடை, லேசா இடது, அழுத்து. பசங்களுக்கு அந்த வாய்ப்பாட்ட சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. நாலு நிமிஷம். திரை பூரா செவப்பு. பட்டுக் கை.

கொஞ்ச நேரம் கண்ணாடிய கழட்டித் துடைச்சாரு. அப்புறம் அந்த ரெண்டு பேர்கிட்ட திரும்பிச் சொன்னாரு, இது அச்சுல கோளாறு, முப்பது வருஷமா பாக்கறேன், இப்படி ஒரு தலை உலகத்துல கிடையாதுன்னு. அவங்களும் தலைய ஆட்டினாங்க. பொம்மைக்காரர் ஏதோ பழைய பகைல விளையாடிட்டாருன்னு பேச்சு கிளம்பி, பரீட்சை ரத்தாகி, நீங்க வந்து உக்காந்திருக்கீங்க.

எல்லாரும் போனப்புறம் ஆமை மட்டும் திரும்பி வந்தா. நான் பொளந்து கழுவிட்டு இருந்தேன். ஐயா, இது யாரோட தலைன்னு கேட்டா. அத்தனை டாக்டருங்க வந்தாங்க போனாங்க, அந்த ஒரு கேள்விய கேட்டது அவ மட்டும்தான். சொன்னேன். இந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டா, அதான் ரப்பர் காயாத ஸ்டூல்ல, அவ கோட்டு கூட ஒட்டிக்கிச்சு. அப்புறம், தலைவர்கிட்ட சொன்னீங்களான்னா. அன்னிக்குச் சாயங்காலமே அவர் அறை வாசல்ல போய் நின்னேன்மா. விசாரணை முடியற வரைக்கும் உன் முகத்துல முழிக்க முடியாதுன்னு கதவுக்கு உள்ள இருந்தே குரல். மறுநாளும் போனேன். நேத்தும் போனேன்.

நீங்களும் கேக்கணும்ல, யாரு தலைன்னு. கேக்கமாட்டேங்கறீங்க. சரி, நானே சொல்றேன். என் வீட்டுக்காரி தலைம்மா.

பால் பொங்குதுன்னேன்ல, அதான். நடந்தா பசைல மாட்டின மாதிரி கால் தரையவிட்டு எழும்பமாட்டேங்குது. போன மாசம் என்னைப் பாத்து, நீங்க துணிக்கடைக்குப் போகலையான்னு கேட்டா. பதினோரு வருஷம் அவளுக்கு எங்கயோ தண்ணில போயிருச்சு. இங்கதான் ஸ்கேன் எடுத்தோம். அடைப்புதான். பட்டுக்கை ஸ்கேன் படத்த ஜன்னல் பக்கமா ஒரு தடவை தூக்கிப் பாத்தாரு. சாதாரணக் கேஸுதான், நம்ம பொம்மைக்காரர் சம்சாரம், நானே பண்றேன்னு எல்லார் முன்னாலயும் தோள்ல தட்டினாரு. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். உங்க பெரியவரே பண்றாராமே, என்ன இருந்தாலும் உங்க மேல மரியாதைதான்னா. நான் அந்த ஸ்கேன் தட்ட வாங்கிட்டு வந்து மெஷின்ல போட்டேன். சும்மா பாக்கலாம்னுதான். கைல எடுத்து விரலால தடவிப் பாத்தேன். பதினோரு வருஷம் அச்சு வார்த்த கைக்குத் தெரியாதா, இது அந்தப் புண்ணியவான் தலை இல்லன்னு.

அதுக்குத்தான் பதினேழு செஞ்சேன். யாரு இந்தத் தலைல வழி கண்டுபிடிக்கறாங்கன்னு பாக்க எனக்கு வேற என்ன இடம் இருக்கு? பரீட்சைதான் இருக்கு.

வேற ஆஸ்பத்திரியா? போகலாம்தான். யாரு நிப்பா அங்க? பதினோரு வருஷம், வருஷத்துக்குப் பதினாறு பேரு, எல்லா ஊருக்கும் நான்தானே வார்த்து அனுப்பியிருக்கேன். எந்த வாசல்ல போய் நின்னாலும் ஆறு விரக்கடை, லேசா இடதுன்னு ஒருத்தன் கைய கழுவிக்கிட்டு வருவான். அது என் கணக்குல. அத நான் மறுக்கல. அதயும் எழுதிக்கங்க.

உலகத்துல கிடையாதுன்னாரே, அந்தத் தலை வர்ற வியாழக்கிழமை காலைல அவர் மேசைக்கு வருது. முதல் கேஸ். இப்ப மூணாவது மாடில, ஜன்னல் ஓரக் கட்டில்ல, தலைமுடிய எடுத்தா அசிங்கமா இருக்குமான்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.

கையெழுத்தா? எங்க, இங்கயா? போடறேன், கொடுங்க. மாத்தினது நான்தான். வேலைய எடுத்தாலும் சரி. ஆனா இதோ, இந்தச் சட்டைப் பைல இன்னொரு காகிதம் நாலு நாளா மடிச்சிருக்கேன். ஆபரேஷனுக்குச் சம்மதம்னு அவ சார்பா நான் போட வேண்டியது. செய்பவர்னு ஒரு கோடு இருக்கு, அதுல பட்டுக்கை பேரு அடிச்சிருக்கு. அந்தப் பேர எடுத்துட்டு அந்தப் பொண்ணு பேர எழுதட்டும், இங்கயே இப்பவே போடறேன். அவ நான் தயார்னுதான் சொல்றா, தலைவர் கையெழுத்து இல்லாம உள்ள விடமாட்டாங்களாம். அதனால அவர் ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும்மா. இப்படி ஒரு தலை இருக்குன்னு. நாலு பேர் முன்னால கூட வேணாம், உங்க முன்னால சொல்லட்டும்.

அதோட அந்த எறும்பயும் சேத்து எழுதுங்க. விட்டுராதீங்க. நான் மேசைல சாப்பிடல.